இளவேனிலில் திறந்தவெளி உடற்பயிற்சி: ஹெப்பகோடியில் தொடங்க உகந்த காலம் எது?

ஹெப்பகோடி (பெங்களூரு): குளிர்காலம் விடைபெற்று, தபேபுயா, ஜகரண்டா மரங்கள் பூத்துக் குலுங்கும் பருவத்தில் பெங்களூருவாசிகள் பலர் உடற்பயிற்சியைத் தொடங்கத் தீர்மானிப்பது வழக்கம். ஆனால் நகரின் தெற்கு எல்லையில், ஓசூர் சாலையை ஒட்டிய ஹெப்பகோடி போன்ற தொழிற்பகுதிகளில் திறந்தவெளிப் பயிற்சிக்கு ஏற்ற நாட்களும் நேரமும் குறைவு. அவற்றை அறிந்து தொடங்குவோரே பயிற்சியை இடைநிறுத்தாமல் தொடர முடிகிறது.

பஞ்சாங்கமும் வானிலையும்

தமிழ் மரபில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆகும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பகுப்பில் வசந்த காலம் என்று தனிப் பருவம் இல்லை. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடைக்காலம்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூருவில், சராசரி உச்ச வெப்பநிலை மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ், ஏப்ரலில் 34 டிகிரி. 2016 ஏப்ரல் 24 அன்று நகரில் 39.2 டிகிரி பதிவானது. எனவே இங்கு உண்மையான இளவேனில் என்பது பிப்ரவரியும் மார்ச் முற்பகுதியுமே. அப்போது தொடங்கினால், ஏப்ரல் வெயில் வருவதற்குள் உடல் பயிற்சிக்குப் பழகிவிடும். ஏப்ரலில் தொடங்குவோர் பயிற்சியின் களைப்பையும் வெப்பத்தின் களைப்பையும் ஒருசேரத் தாங்க வேண்டியிருக்கும். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், அந்த நாட்களில் வேகத்தையும் நேரத்தையும் குறைத்துக்கொள்வது அவசியம்.

ஏன் இது முக்கியம்?

'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, 2022-இல் இந்தியாவின் வயது வந்தோரில் 49.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். 2000-ஆம் ஆண்டில் இது 22.3 விழுக்காடாக இருந்தது. பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் இந்நிலையில் உள்ளனர். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை இதனால் பெருகுகின்றன.

ஹெப்பகோடியின் ஒருபுறம் எலெக்ட்ரானிக் சிட்டியும் மறுபுறம் பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் உள்ளன. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்போரும், இயந்திரத்தின் முன் ஒரே இடத்தில் நிற்போரும் இப்பகுதியில் மிகுதி. நின்று வேலை செய்வது களைப்பைத் தரும். ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தேவையான பயிற்சி அதனால் கிடைப்பதில்லை.

எவ்வளவு செய்ய வேண்டும்?

உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான பயிற்சியோ மேற்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. 65 வயதைக் கடந்தோர், கீழே விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சிகளை வாரம் மூன்று நாட்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் செய்ய இயலாதவர்கள் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துச் செய்தாலும் பலன் உண்டு.

பயிற்சியின் கடுமையை அளக்கக் கருவி தேவையில்லை. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாமல் மூச்சு வாங்கினால் அது மிதமான பயிற்சி. சில சொற்களுக்கு மேல் பேச முடியாவிட்டால் அது கடுமையான பயிற்சி.

எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரங்கள்: வாரம் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு 20 நிமிட நடை. முதல் ஐந்து நிமிடங்களும் கடைசி ஐந்து நிமிடங்களும் மெதுவாக நடக்க வேண்டும்.

மூன்று, நான்காம் வாரங்கள்: நாளொன்றுக்கு 30 நிமிட நடை. இத்துடன் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கு நிறைவேறிவிடும்.

ஐந்து, ஆறாம் வாரங்கள்: நடையுடன் வாரம் இரண்டு நாட்கள் வலுப் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல், படி ஏறி இறங்குதல் ஆகியவை போதும். பழகியவர்கள் தண்டால், பஸ்கி எடுக்கலாம்.

ஏழு, எட்டாம் வாரங்கள்: மூட்டு வலி இல்லாதவர்கள் ஒரு நிமிட மெல்லோட்டம், இரண்டு நிமிட நடை என மாற்றி மாற்றிச் செய்யலாம். மற்றவர்கள் நடையின் வேகத்தைக் கூட்டினாலே போதும்.

எங்கே, எப்போது?

பயோகான் அறக்கட்டளையின் முயற்சியால் புத்துயிர் பெற்ற ஹெப்பகோடி ஏரியின் கரை, இப்பகுதியில் நடைப்பயிற்சிக்கு ஏற்ற இடங்களுள் ஒன்று. கழிவுநீரால் சீர்கெட்டிருந்த இந்த ஏரியில், நீரைத் தூய்மைப்படுத்தும் தாவரங்கள் வளர்க்கப்பட்ட மிதக்கும் திட்டுகள் அமைக்கப்பட்டன. மாலை நேரத்தில் கொசுக்கடியைத் தவிர்க்க, கை கால்களை மூடும் ஆடை அணிவது நல்லது.

ஓசூர் சாலையோரத்தில் ஓடுவதைத் தவிர்க்க வேண்டும். பயிற்சியின்போது மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வாங்கப்படுவதால், வாகனப் புகையும் தூசியும் கூடுதலாக உள்ளே செல்லும். நெடுஞ்சாலையிலிருந்து சில தெருக்கள் உள்ளே தள்ளி நடந்தாலே இதன் அளவு குறையும்.

2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தில் பயோகான் ஹெப்பகோடி நிலையமும் ஒன்று. தனியாக நேரம் ஒதுக்க இயலாதவர்கள், வீட்டிலிருந்து நிலையத்துக்கு உள்தெருக்கள் வழியாக விரைந்து நடப்பதையே பயிற்சியாக்கிக்கொள்ளலாம். காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம் என வாரம் ஐந்து நாட்கள் நடந்தால் 150 நிமிடங்கள் ஆகிவிடும்.

சூரிய உதயம் பிப்ரவரி நடுவில் காலை 6.40 மணியளவிலும், ஏப்ரல் நடுவில் 6.10 மணியளவிலும் நிகழ்கிறது. விடிந்ததிலிருந்து 8 மணி வரை உகந்த நேரம். தவறினால் மாலை 5.30 மணிக்குப் பிறகு. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் பயிற்சி கூடாது. இரவுப் பணி முடித்துத் திரும்புவோர் முதலில் உறங்கிவிட்டு, மாலையில் பணிக்குப் புறப்படும் முன் நடப்பதே நல்லது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

ஒரு மணி நேரத்துக்குக் குறைவான பயிற்சிக்குத் தண்ணீரே போதும். நீர்மோரும் இளநீரும் அருந்தலாம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் அருந்தக் கூடாது. இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர், பயிற்சியின்போது சர்க்கரை அளவு திடீரெனத் தாழ வாய்ப்புள்ளதால் குளுக்கோஸ் அல்லது மிட்டாய் வைத்திருக்க வேண்டும். நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது.

காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடியின் மகரந்தம் தும்மல், தோல் அரிப்பு, மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அத்தகைய இடங்களைத் தவிர்த்து, இன்ஹேலரை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். தெருநாய் கடித்தால் காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் பயிற்சியை அக்கணமே நிறுத்தி, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும், பல ஆண்டுகளாக உடலுழைப்பின்றி இருந்த நடுத்தர வயதினரும் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே கடுமையான பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வெயில் தணிந்தாலும், சேறும் மழையும் திறந்தவெளிப் பயிற்சியைத் தடைசெய்யும். அதற்குள் நடை அன்றாட வழக்கமாகிவிட்டால், மழை நாட்களில் வீட்டுப் படிக்கட்டிலும் மாடி வராந்தாவிலும் அதைத் தொடர்வது எளிதாகும்.