கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முறைகள்

கருப்பையின் வாய்ப்பகுதியில் தோன்றும் புற்றுநோய், தன்னை வெளிக்காட்டிக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவ்விடத்து அணுக்களை மெல்ல மெல்ல மாற்றத் தொடங்கிவிடுகிறது. அந்த நிலையிலேயே கண்டுகொண்டால் எளிய சிகிச்சையால் தடுத்துவிடலாம் என்பதனாலேயே, யாதோர் உபாதையும் இல்லாத பெண்களைப் பரிசோதிக்கும் வழக்கம் வைத்திய சாஸ்திரத்தில் இடம்பெற்றது.

ருமேனியாவைச் சேர்ந்த ஆரெல் பாபேஷ் 1927இலும், கிரேக்க நாட்டில் பிறந்து நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த ஜார்ஜ் பாபனிகோலாவ் 1928இலும், உதிர்ந்த அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினால் இந்நோயை அறியலாம் எனத் தனித்தனியே எடுத்துரைத்தனர். பாபனிகோலாவ் 1941இல் ஹெர்பர்ட் டிராட் என்பவருடன் தம் முடிவுகளை மீண்டும் பிரசுரித்த பின்னரே உலகம் செவிசாய்த்தது. 1947இல் எர்னஸ்ட் எயர் அறிமுகப்படுத்திய மரத்தாலான சிறு தட்டைக் கரண்டி, கருப்பை வாயிலிருந்தே நேராக அணுக்களைச் சுரண்டியெடுக்க உதவியது. ‘பாப்’ பரிசோதனை என வழங்கும் இம்முறை, பின்லாந்து முதலிய நாடுகளில் ஒழுங்காக நடத்தப்பட்டபோது மரணங்களை வெகுவாகக் குறைத்தது. ஆயினும் ஒரு முறை பார்ப்பதில் பல மாறுதல்கள் தப்பிவிடுமாதலால் சில ஆண்டுகளுக்கொரு முறை திரும்பச் செய்ய வேண்டும். தேர்ந்த பரிசோதகரும் ஆய்வுக்கூடமும் வேண்டும். முடிவை அறியப் பெண் மறுபடியும் வர வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வருபவளுக்கு அந்த இரண்டாம் வருகை எத்தனை பாரம் என்பதை எண்ணாமல் எம்முறையையும் சிறந்ததெனக் கூறுவது நியாயமாகாது.

இக்குறையைத் தீர்க்கவே காடிக்குப் புளிப்பூட்டும் அசிட்டிக் அமிலம் துணைக்கு வந்தது. மூன்று முதல் ஐந்து சதவீதக் கரைசலைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், மாறுதலுற்ற இடம் வெண்மையாகத் தெரியும். அன்றே உறைகுளிர் சிகிச்சையும் செய்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, பயிற்சி பெற்ற செவிலியரைக் கொண்டு 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களிடையே நடத்திய ஆராய்ச்சியில், நோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என 2007இல் வெளியாயிற்று. கிராமத்துச் செவிலியர் இதனைச் சாதித்தது அசாதாரணமான செய்தியே. எனினும் காண்பவர் கண்ணையே நம்பியிருப்பதால் இம்முறையில் முடிவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒடுங்கிவிடுவதால் அது பயன்படுவதும் அரிது.

ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹௌசன் 1983இலும் 1984இலும் வெளிப்படுத்திய பாப்பிலோமா வைரஸ் வகைகள் நோயின் மூலகாரணத்தைக் காட்டின. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடையே பாப் பரிசோதனை, அமிலத் தடவல், இவ்வைரஸைத் தேடும் பரிசோதனை ஆகிய மூன்று முறைகளையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2009இல் வெளிவந்தபோது, வைரஸ் பரிசோதனை ஒரே தடவை செய்யப்பட்ட குழுவில் இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது; மற்ற இரு முறைகளில் அவ்வாறு தெளிவான குறைவு புலப்படவில்லை. இளவயதில் தொற்றும் வைரஸ் பெரும்பாலும் தானே மறைந்துவிடுவதால், முப்பது வயதுக்குப் பிறகே இப்பரிசோதனையைப் பெரும்பாலும் பரிந்துரைக்கின்றனர். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதனையே முதன்மையாகக் கொள்ளுமாறு கூறியது. மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுத்துக்கொள்ளலாம் என்பது கூச்சத்தால் ஒதுங்குவோர்க்குப் பெரும் அநுகூலம். வைரஸ் இருப்பதாகத் தெரிந்த பின்னர், உடனே சிகிச்சை செய்யலாமா என்பதைத் தீர்மானிக்கப் பல இடங்களில் அதே அமிலக் கரைசலைத் தடவிப் பார்க்கும் வழக்கம் இன்றும் நிலவுகிறது.