விலைக்குக் கடிவாளமா, நாணயத்துக்கு வைத்தியமா?

டில்லி மாநகரின் தென்பகுதியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றொரு கடைத்தெரு உண்டு. கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், மீன் ஆகியவற்றை நாடித் தலைநகர்த் தமிழர்கள் செல்லும் இடம் அது. அதை அடுத்து இருப்பது கித்வாய் நகர். கடைத்தெருவின் பெயர் இந்திய தேசிய ராணுவத்தை நினைவூட்டுகிறது. குடியிருப்பின் பெயர், 1952 முதல் 1954 வரை மத்திய உணவு மந்திரியாக விளங்கிய ரஃபி அகமது கித்வாயை நினைவூட்டுகிறது. இவ்விரு பெயர்களின் பின்னே பொருளாதாரத்தின் பழைய வழக்கு ஒன்று மறைந்து கிடக்கிறது. மக்களின் வருவாய்க்கும் பண்டங்களின் விலைக்கும் பொருத்தம் கெடும்போது சர்க்கார் சந்தையைக் கட்டுப்படுத்த வேண்டுமா, அல்லது நாணயம் பிறக்கும் முறையையே சீர்திருத்த வேண்டுமா என்பதே அவ்வழக்கு.

இரண்டாம் கட்சியை மிகத் துணிவாக வாதித்தவர் மேஜர் டக்ளஸ் என்னும் ஆங்கிலேய எஞ்சினீயர். முதல் உலகப் போரின்போது தொழிற்சாலைக் கணக்குகளைப் பரிசோதித்த அவர், ஓர் ஆலை கூலியாகவும் சம்பளமாகவும் லாபப் பங்காகவும் மக்களுக்குக் கொடுக்கும் தொகை, அது தன் சரக்குக்கு வைக்கும் விலையைவிட எப்போதும் குறைவாகவே இருக்கிறது என்று கண்டதாகக் கூறினார். மூலப்பொருளுக்கும் இயந்திரத் தேய்மானத்துக்கும் வங்கிக் கடனுக்கும் கொடுத்தவையும் விலையில் சேர்கின்றன அல்லவா? ஆகவே மக்கள் கையிலுள்ள பணம் பண்டங்களை வாங்கப் போதாது என்பது அவர் முடிவு. குடிமக்கள் அனைவருக்கும் தேசிய ஈவுத்தொகை வழங்குக. கடைக்காரர் அடக்கவிலைக்கும் குறைவாக விற்கட்டும், குறைந்த தொகையைப் புதிய நாணயத்தால் சர்க்கார் ஈடு செய்க என்றார். இதுவே சமுதாயக் கடன் கொள்கை எனப்படுவது. மூலப்பொருளுக்குக் கொடுத்த தொகையும் வேறோர் ஆலையில் யாருக்கோ கூலியாகியிருக்கும் என்பதை அவர் போதிய அளவு கருதவில்லை என்று பொருளாதார நிபுணர்கள் பலர் மறுத்தனர். நாமும் அவர்கள் பக்கமே.

கொள்கை சோதனைக்கு வந்த இடம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம். 1935-இல் வில்லியம் ஏபர்ஹார்ட் என்னும் பள்ளித் தலைமையாசிரியர் இதையே முழங்கித் தேர்தலில் வென்றார். ஆனால் விந்தை பாருங்கள்! நாணயத்தைத் திருத்த முற்பட்ட அரசு, 1937-இல் வங்கிகள் லைசென்ஸ் பெற வேண்டும் என்று சட்டம் செய்தது. சர்க்காரின் மறுப்புரைகளைப் பத்திரிகைகள் வெளியிட்டே தீரவேண்டும் என்றும் ஒரு மசோதா கொணர்ந்தது. கட்டுப்பாட்டுக்கு மாற்றாக வந்த சீர்திருத்தம், கட்டுப்பாட்டையே துணைக்கு அழைத்தது. மத்திய அரசும் 1938-இல் கனடாவின் உச்சநீதிமன்றமும் அம்முயற்சிகளைத் தடுத்துவிட்டன.

நம் நாட்டில் நோய் நேர்மாறானது. ஆல்பர்ட்டாவில் கோதுமை இருந்தது, பணம் இல்லை. போர்க்கால இந்தியாவில் பணம் பெருகியது, பண்டம் இல்லை. பிரிட்டிஷ் சர்க்கார் இங்கே வாங்கிய பொருள்களுக்கு லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைத்தது. அதை ஈடாகக் கொண்டு ரிசர்வ் வங்கி இங்கே நோட்டுகளை வெளியிட்டது. 1939-இல் ஏறத்தாழ 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 1945-இல் 1,100 கோடியைத் தாண்டிற்று. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இதைக் கண்டு பொறாது, 1943-இல் நாணயப் பெருக்கத்தின் காரணத்தையும் பரிகாரத்தையும் பற்றித் தனிநூலே எழுதினார். சர்க்காரோ பங்கீட்டு அட்டையையும் உச்சவிலைப் பட்டியலையும் நாடியது. எனினும் வங்காளப் பஞ்சத்துக்குப் பின் நகரங்களில் அரிசியைப் பங்கிட்ட அந்த ஏற்பாட்டைப் பழிப்பதற்கில்லை. நோட்டுப் பெருகிய காலத்தில் அட்டையும் இல்லையெனில் ஏழையின் பானையில் என்ன இருந்திருக்கும்?

இந்திய தேசிய ராணுவத்துக்குத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்த மலேயாவின் கதை இன்னும் கொடியது. ஜப்பானிய ராணுவம் அங்கே தன் டாலர் நோட்டுகளை அச்சிட்டுக் குவித்தது. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் மக்கள் அதை வாழைமரக் காசு என்றனர். பின்னாளில் அச்சான நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. ஆட்சியாளர் விலைக்கு வரம்பு கட்டினர்; அரிசியோ கள்ளச் சந்தைக்குச் சென்றது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்நோட்டுகள் செல்லாதவை ஆயின. தோட்டத்து லயங்களில் கூலியைச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்களுக்கு மிஞ்சியது வெறும் காகிதமே. எந்த அதிகாரியின் விலைப்பட்டியலும் அவர்களைக் காக்கவில்லை.

விடுதலைக்குப் பின் டில்லியிலேயே வழக்கு மீண்டும் எழுந்தது. 1947 இறுதியில் காந்தியடிகள் தம் பிரார்த்தனைக் கூட்டங்களில், கட்டுப்பாடு லஞ்சத்தையும் பதுக்கலையும் வளர்க்கிறது என்று கூறி அதை நீக்கச் சொன்னார். அரசு இணங்கிற்று. ஆனால் போர்க்காலத்தில் பெருகிய பணம் அப்படியே நின்றது. 1939-இன் விலையை 100 எனக் கொண்டால், 1947 நவம்பரில் சுமார் 300 ஆக இருந்த மொத்த விலைப் புள்ளி, 1948 ஜூலையில் 390-ஐ நெருங்கியது. அவ்வாண்டே கட்டுப்பாடு திரும்பி வந்தது.

1952-இல் நடந்ததோ வேறு. ஜூன் மாதத்தில் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் அரிசிப் பங்கீட்டைத் துணிந்து நீக்கினார். கித்வாய் அவ்வழியை நாடெங்கும் படிப்படியாக விரித்தார். இம்முறை விலை துள்ளவில்லை. இருவரின் துணிவையும் புகழ்வோர், அதற்குமுன் நடந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1951 நவம்பரில், ராம ராவ் கவர்னராக இருந்த ரிசர்வ் வங்கி, தன் வட்டி விகிதத்தை 3 சதவிகிதத்திலிருந்து மூன்றரையாக உயர்த்தி, கடன் வசதியை இறுக்கியது. கொரியப் போரால் ஏறிய விலைகள் 1952-இன் தொடக்கத்தில் சரிந்தன. 1953-54-இல் விளைச்சலும் நன்றாக இருந்தது. நாணயம் ஒடுங்கி, நெல்லும் விளைந்த பின்னரே கடிவாளத்தை அவிழ்க்க முடிந்தது; 1947-இல் இவ்விரண்டும் இல்லை. நம் கருத்தில் இவ்வேறுபாடே முக்கியமானது.

கித்வாய் 1954 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டே அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் பிறந்தது. நாணயத் துறையிலோ, பணவீக்கம் 4 சதவிகிதம், கூடினாலும் குறைந்தாலும் அதிலிருந்து இரண்டு சதவிகிதத்துக்குள் என்னும் இலக்கு 2016-இல் சட்டப்படி வகுக்கப்பட்டது. வட்டி விகிதத்தை முடிவு செய்ய ஒரு குழுவும் ஏற்பட்டது. ஆனால் மழையில் அழுகிய வெங்காயம் வட்டி விகிதத்துக்குப் பணிவதில்லை. 2020 செப்டம்பரில் பார்லிமெண்ட் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்தியது. அடுத்த மாதமே வெங்காய விலை ஏற, மொத்த வியாபாரி 25 டன், சில்லறை வியாபாரி 2 டன் என இருப்புக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அத்தளர்வும் 2021-இல் வேளாண் சட்டங்களோடு ரத்தாகி, பழைய சட்டமே மீண்டும் நிலைபெற்றது.