வியாழக்கிழமை மாலை



1706ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கியதை நம்மில் அநேகர் அறிவோம். அவர்களுடைய ஊழியத்தைப் பற்றிய கடிதங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு இலண்டனில் அச்சாயின. அவ்விவரம் அடங்கிய நூலொன்று லிங்கன்ஷயரிலுள்ள எப்வொர்த் என்னும் சிற்றூரின் போதகர் இல்லத்தைச் சென்றடைந்தது. அங்கே அது செய்த வேலையை நம் சபைகளில் அதிகமாய்ச் சொல்லக் கேட்டதில்லை. ஆகவே இந்த வாரம் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவ்வூரின் போதகர் சாமுவேல் வெஸ்லி. அவருடைய மனைவி சூசன்னா அம்மையார் 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் 9 பேரைக் குழந்தைப் பருவத்திலேயே அடக்கம்பண்ணக் கொடுத்தவர். 1712ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போதகர் திருச்சபைப் பேரவைக்காக இலண்டனில் தங்கியிருந்தார். வீட்டில் மூத்த மகள் எமிலியா தகப்பனுடைய படிப்பறையில் அந்த நூலைக் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். பல நாட்களுக்கு அம்மையாரால் வேறொன்றையும் நினைக்க முடியவில்லை. தாம் ஓர் ஆணும் அல்ல, குருவும் அல்ல. எனினும் இதுவரை செய்ததைவிட அதிகமாய் ஏதாவது செய்யலாகாதா என்று எண்ணியதாகக் கணவருக்கு எழுதினார். எங்கே தொடங்குவது? தம் சொந்தப் பிள்ளைகளிடத்தில்தான்.

அவர் செய்த ஏற்பாடு மிக எளியது. வாரத்தின் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளைக்குரியது. திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பேட்டி, சனி சார்ல்ஸ், ஞாயிறு எமிலியாவும் சூக்கியும். அந்தப் பிள்ளையோடு தனியே அமர்ந்து, அதன் ஆத்தும நிலையைக் குறித்து மாத்திரம் பேசுவார். அந்த வீட்டில் குடும்ப ஜெபம் ஏற்கெனவே ஒழுங்காய் நடந்துவந்தது என்பதைக் கவனியுங்கள். வேதபாடமும் சங்கீதமும் தவறியதில்லை. கூட்டமாய் எல்லாருக்கும் போதித்தது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. தன் தாய்க்குத் தான் பத்துப் பேரில் ஒருவன் அல்ல என்று அந்த ஒரு மாலையிலாகிலும் ஒரு பிள்ளை அறிந்திருக்கும் அல்லவா?

வியாழக்கிழமைக்குரிய ஜாக்கிதான் பிற்காலத்தில் ஜான் வெஸ்லி என்று உலகம் அறிந்தவர். அப்போது அவருக்கு வயது 8. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த இல்லம் தீப்பற்றியபோது மேல்மாடிச் சன்னலிலிருந்து கடைசி வேளையில் இறக்கப்பட்டவர். இருபது ஆண்டுகள் கழிந்து, 1732இல், ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகவும் அபிஷேகம் பெற்ற குருவாகவும் இருந்தபோது தம் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பு தமக்கென்று ஒதுக்கிய வியாழன் மாலையின் அந்தச் சிறு பகுதியை இப்போதும் தமக்குத் தரவேண்டும் என்று அதில் வேண்டினார். அன்று தம் அறிவை உருவாக்கியதுபோல இன்று தம் இருதயத்தைச் சீர்ப்படுத்த அது உதவும் என்பது அவருடைய எண்ணம். வளர்ந்த மகன், கற்றறிந்த குரு, கேட்பது ஒரு மாலைப்பொழுதின் துண்டை!

அந்த இல்லத்தைப் பரலோகத்தின் சாயலாக வருணிக்கும் நூல்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லத் துணியேன். செவ்வாய்க்குரிய ஹெட்டி 1725இல் தவறிப்போனபோது, தகப்பன் அவளை ஒவ்வாத மணத்துக்குள் தள்ளினார். தாம் மரிக்குமட்டும் அவளை மனதார மன்னிக்கவில்லை. மனிதரிலே சிறந்த வீட்டிலும் அன்பு இப்படி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

ஜான் வெஸ்லியிடம் திரும்புவோம். 1736ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் மிஷனெரியாக அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்தில் வந்திறங்கினார். அங்கே மொரேவிய சபையின் மூப்பரான ஸ்பாங்கென்பர்க் அவரிடம், இயேசு கிறிஸ்துவை அறிந்திருக்கிறீரா என்று கேட்டார். அவர் உலகத்தின் இரட்சகர் என்று அறிந்திருக்கிறேன் என்றார் வெஸ்லி. மெய்தான், ஆனால் அவர் உம்மை இரட்சித்தார் என்று அறிந்திருக்கிறீரா என்றார் மற்றவர். என்னை இரட்சிக்கவே மரித்தார் என்று நம்புகிறேன் என்பதற்கு மேல் வெஸ்லியால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. மேலும் கேட்கப்பட்டபோது, அறிந்திருக்கிறேன் என்றார்; அவை வெறும் சொற்கள் என்று அஞ்சுவதாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

அன்பானவர்களே, இந்தக் கேள்வியை நான் எத்தனையோ வீடுகளில் வேறு உருவத்தில் கேட்டிருக்கிறேன். தேவன் உலகத்தில் அன்புகூருகிறார் என்பதில் ஐயமுள்ள விசுவாசியை நான் அபூர்வமாகவே காண்கிறேன். அந்த உலகத்துக்குள் தன்னையும் சேர்த்து எண்ணத் தயங்குகிறவர்களோ அநேகர். பாடகர் குழுவில் நாற்பது ஆண்டுகள் பாடியவர்களும் அவர்களில் உண்டு. நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மந்தையை எண்ணினால் போதும் என்று மேய்ப்பன் நினைத்திருந்தால் பெயர்கள் எதற்கு?

1738ஆம் ஆண்டு மே மாதம். இலண்டனில் நோயுற்றுக் கிடந்த சார்ல்ஸ் வெஸ்லி, கலாத்தியர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய விளக்கவுரையை வாசித்தார். 2ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்தில் பவுல் 'எங்களுக்காக' என்று எழுதவில்லை, 'எனக்காக' என்றே எழுதினான் என்பதை லூத்தர் அங்கே விடாமல் வற்புறுத்துகிறார். அந்த ஒரு சொல்லைத் தம்முடையதாக்கிக்கொள்ளச் சார்ல்ஸ் ஜெபத்தில் போராடினார். 21ஆம் தேதி, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, அவருக்குச் சமாதானம் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, புதன்கிழமை மாலை, ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்துக்கு ஜான் மனமில்லாமலே சென்றார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கையில், ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்கு, அவர் இருதயம் விநோதமாய் அனலடைந்தது. தம்முடைய பாவங்களை, ஆம், தம்முடையவற்றையே, கிறிஸ்து நீக்கினார் என்னும் நிச்சயம் பெற்றதாக எழுதினார்.

அந்த அனல் ஒருபோதும் தணியவில்லை என்று பிரசங்கிப்பது வழக்கம். அது உண்மையல்ல. அடுத்த ஜனவரியிலேயே தாம் கிறிஸ்தவனல்ல என்று நாட்குறிப்பில் எழுதினார். 1766இல், 63 வயதில், தாம் தேவனை நேசிப்பதில்லை என்றே தம்பிக்கு எழுதியிருக்கிறார். அதே ஆண்டுகளில் ஊர் ஊராய்க் குதிரையேறிச் சென்று பிரசங்கித்ததும் அவரே. இருதயத்தின் உஷ்ணத்தை அளந்து தேவனுடைய அன்பை மதிப்பிடும் வழக்கம் நம்மிடையேயும் மிகுந்திருப்பதால் இதை மறைக்காமல் சொல்கிறேன். சங்கீதம் 139 பாடுவது தேவன் தாவீதை அறிந்திருக்கும் அறிவை. அது தாவீதின் உணர்வோடு ஏறி இறங்குவதில்லை.

இனி சூசன்னா அம்மையார். பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே அமர்த்திப் பேசிய அந்தத் தாய்க்கு இந்த நிச்சயம் அதுவரை இருந்ததில்லை என்றால் நம்புவீர்களா? 1739ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் திருவிருந்தில் பங்குபெற்றார். பாத்திரத்தைக் கொடுத்தவர் வெள்ளிக்கிழமைப் பேட்டியின் கணவரான ஹால் என்னும் குரு. இவர் பிற்காலத்தில் மனைவியைக் கைவிட்டுச் சீரழிந்தவர். கொடுத்த கையைப் பொறுத்ததல்ல பாத்திரம். கிறிஸ்துவின் இரத்தம் 'உனக்காக' என்று ஒருமையில் சொல்லும் ஆங்கிலத் திருவிருந்து முறைமையின் சொற்களை அவர் சொன்னபோது, அவை தம் இருதயத்தை ஊடுருவிச் சென்றன என்றும், கிறிஸ்துவினிமித்தம் தம் பாவங்களெல்லாம் மன்னிக்கப்பட்டன என்று அறிந்துகொண்டதாகவும் அம்மையார் செப்டம்பரில் மகனிடம் சொன்னார். அப்போது அவருக்கு வயது 70.

தாத்தாவுக்கு இந்த நிச்சயம் இருந்ததா என்று ஜான் கேட்டார். அம்மையாரின் தகப்பன் சாமுவேல் அன்னஸ்லி இலண்டனில் பேர்பெற்ற பியூரிட்டன் போதகர். இருந்தது என்றார் தாய். தாம் தேவனால் அங்கீகரிக்கப்பட்டவர் என்பதில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமக்குப் பயமோ ஐயமோ இருந்ததில்லை என்று அவர் மரிக்குமுன் அறிக்கையிட்டாராம். ஆனால் அதைக் குறித்து அவர் ஒருமுறையாகிலும் வெளிப்படையாய்ப் பிரசங்கித்துத் தாம் கேட்டதாக நினைவில்லை. அது சிலருக்கு மாத்திரம் அருளப்படும் தனி ஆசீர்வாதம் என்று அவரும் எண்ணியிருக்கக்கூடும் என்றார் மகள்.