முற்றத்து ஆமைக்கு ஏற்ற செடிகள்

ஆமை அடைப்பில் நடும் செடி நிழல் தருவதோடு தீனியாகவும் ஆகிவிடும். பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அது என்ன செடி என்பதற்கு முன், எங்கிருந்து வந்தது, மேல் மலையில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

எல்லா ஆமையையும் வளர்த்துவிட முடியாது. வறண்ட காடுகளின் நட்சத்திர ஆமையும் குளங்களின் பால் ஆமையும் இலங்கையில் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. நட்சத்திர ஆமையை 2019இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதற்பட்டியலிலும் சேர்த்தார்கள். முற்றத்துத் தொட்டிக்கு வருவது பெரும்பாலும் மீன் கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமை. குஞ்சில் புழுவும் மீனும் தேடும் இந்த அமெரிக்க இனம், வளர வளர இலைதழைக்கு மாறும்.

தேயிலைக்காரர்களுக்குக் களைநாசினிச் சட்டங்கள் மனப்பாடம். கிளைபொசேட்டுக்கு 2015இல் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்ந்தது. 2021 மே மாதம் இரசாயன உரம், மருந்து இரண்டின் இறக்குமதியும் நின்றது. நவம்பரில் அரசு பின்வாங்கியது. மலைச்சரிவுக்கு வர்த்தமானி தெரியாது. மேலே அடித்தது வடகீழ்ப் பருவமழையில் கானோடு இறங்கி லயத்து வாசலைத் தாண்டும். சில களைநாசினிகளில் மருந்தைவிட, இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருளே நீர்வாழ் உயிர்களுக்கு அதிகக் கேடு. எனவே அடைப்பு கானுக்கு மேட்டில் இருக்க வேண்டும். கான் தண்ணீரைத் தொட்டியில் விடவே கூடாது.

நாற்றுமேடையில் வாங்கும் செடியிலும் வில்லங்கம் உண்டு. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்தை வேர் உறிஞ்சி இலைக்குள் சேர்த்துவிடும், கழுவினால் போகாது. மருந்தடிக்காத வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒடித்த செவ்வரத்தைத் தடி, வேரோடு பிடுங்கிய வல்லாரை, அருகம்புல் இவை செலவில்லாதவை, நம்பகமானவையும்கூட. ஈரக்கரையில் வல்லாரை தானே படரும். செவ்வரத்தையின் இலை, பூ இரண்டையும் ஆமை தின்னும். தண்ணீரில் அசோலா போதும். பொன்னாங்காணியில் ஒக்சலேட் அதிகம். அது கல்சியத்தைக் கட்டிப்போடுவதால் ஓடு வளரும் ஆமைக்கு எப்போதாவது கொடுத்தால் போதும்.

அரளி, ஊமத்தை, நாயுண்ணி, டிஃபன்பேக்கியா, பச்சைச் சேம்பு எதுவும் உள்ளே வேண்டாம். மலைநாட்டு வேலிகளில் மணி மணியாகத் தொங்கும் எக்காளப் பூவும் ஊமத்தையின் உறவுதான். கிளிரிசிடியா விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆடு அதன் தழையை விரும்பித் தின்னும். மத்திய அமெரிக்காவிலோ அதே மரம் எலிகளுக்கு நஞ்சாகப் பயன்பட்டது. ஆடு தின்பது ஆமைக்குச் சான்றிதழ் ஆகாது.

ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டு வெங்காயத் தாமரையைத் தொட்டியில் விடுவோரும் உண்டு. அதைத் தடுக்க இலங்கையில் 1909இலேயே தனிச்சட்டம் வந்தது. சிவப்புக் காது ஆமையும் உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருப்பதால், வளர்த்து அலுத்தவர்கள் பதுளு ஓயாவில் விட்டால் அங்குள்ள ஆமைகளுக்குத்தான் இடைஞ்சல்.