சோமநாத்தும் எங்கள் காலனிப் பிள்ளையாரும்

போன மாதம் எங்கள் காலனியில் ஒரு சண்டை. கைகலப்பு எல்லாம் இல்லை, படித்தவர்கள் போடும் சண்டை. வாட்ஸ்அப்பில் ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வெடித்து, அப்புறம் லிஃப்ட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் முடிகிற வகை. அதில் நானும் ஒரு கட்சி என்பதால் இதை எழுதுகிறேன்.

ராஜ்கோட்டுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. குடியிருப்பில் அறுபது வீடு, அதில் பதினோரு வீடு தமிழ். வங்கிக்காரன் என்று தெரிந்ததும் ஆறே மாதத்தில் பொருளாளர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கேட் பக்கத்து வேப்ப மரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் கட்டலாம் என்று பேச்சு வந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷம். சங்கடஹர சதுர்த்திக்குத் தேங்காய் உடைக்க இடம் தேடி அலைகிறவன் நான்.

பணம் எங்கிருந்து என்று வந்தபோதுதான் பிரச்னை. பராமரிப்பு நிதியில் இருந்து மூன்று லட்சம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் செயலாளர். "அது லிஃப்ட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் என்று அறுபது வீட்டிலும் வாங்கிய பணம். இரண்டு முஸ்லிம் வீடு, மூன்று கிறிஸ்தவ வீடு, சாமியே இல்லை என்கிற ஒரு வீடு எல்லாம் அதில் இருக்கிறது. கோயிலுக்குத் தனியாக வசூல் பண்ணுவோம், என் பங்கை முதலில் எழுதுங்கள்" என்றேன். அவ்வளவுதான். "சோமநாதர் பூமியில் இருந்துகொண்டு கோயிலுக்குக் கணக்கு பார்க்கிறீர்களா?" என்று ஒருவர் இந்தியில் கேட்டார். நம் தமிழ் நண்பர் ஒருவரே "சார் நேரு கட்சி போல" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி, "ஏங்க, ஊரு விட்டு ஊரு வந்த இடத்துல உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றாள். ஒன்பதாவது படிக்கும் மகள் மட்டும், "அப்பா, சோமநாத் கோயிலுக்கு யாருப்பா பணம் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நான் பி.காம். படித்தவன், சரித்திர ஆசிரியன் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், நம் நாட்டுப் பெரிய தலைவர்கள் ஒரு கோயிலைப் பற்றி ஒருவருக்கொருவர் எப்படிப் பேசிக்கொண்டார்கள், எப்படி எழுதிக்கொண்டார்கள் என்று நிறையப் படித்துவிட்டேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ராஜ்கோட்டில் இருந்து சோமநாத் நாலு மணி நேரப் பயணம். வேராவல் மீன் துறைமுகத்தைத் தாண்டினால் பிரபாச பட்டணம். கடல் ஓரத்தில் கோயில், வெளியே சர்தார் பட்டேல் சிலை. கோயிலுக்கு வெளியே ஓர் அரசியல்வாதி எதற்கு நிற்கிறார் என்பதுதான் கதை.

1947ல் இந்த இடம் ஜூனாகத் சமஸ்தானத்தில் இருந்தது. மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள், நவாப் முஸ்லிம். அவர் பாகிஸ்தானுடன் சேருவதாக அறிவித்தார். குழப்பம் முற்றி நவாப் கராச்சிக்குப் போய்விட, நவம்பர் 9 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சில நாள் கழித்து, தீபாவளியை ஒட்டி, பட்டேல் அங்கே வந்தார். கூடவே பொதுப்பணித்துறை அமைச்சர் காட்கில். இடிந்து கிடந்த கோயிலைப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டப்படும் என்று பட்டேல் கூட்டத்தில் அறிவித்தார். நவாநகர் அரசரான ஜாம் சாகேப் ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். ஜூனாகத் தற்காலிக அரசின் தலைவர் சாமள்தாஸ் காந்தி, அந்த அரசின் சார்பில் 51,000 ரூபாய் அறிவித்தார்.

இந்த 51,000 ரூபாயில்தான் காந்தி நுழைகிறார். அதே நவம்பர் 28ஆம் தேதி டெல்லி பிரார்த்தனைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். கோயில் கட்டுவதை அவர் எதிர்க்கவில்லை. அரசு எல்லோருக்கும் பொது. அதன் கஜானாவில் இருந்து கோயிலுக்கு எடுக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. பட்டேலிடமே கேட்டதாகவும், தாம் உயிரோடு இருக்கும்வரை ஜூனாகத் கஜானாவில் இருந்து ஒரு பைசாவும் போகாது என்று பட்டேல் சொன்னதாகவும் கூட்டத்தில் தெரிவித்தார். கோயில் வேண்டும் என்கிற இந்துக்களில் பணக்காரர்களுக்கா பஞ்சம், அவர்கள் கொடுக்கட்டுமே என்பது அதன் சாரம்.

பட்டேல் இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் அரசு செலவிலேயே கட்டும் யோசனை இருந்தது. அது கைவிடப்பட்டு, 1949ல் அறக்கட்டளை உண்டாயிற்று. பொதுமக்கள் நன்கொடை, தனிக் கணக்கு. எங்கள் கூட்டத்தில் நான் கேட்டதும் இதுதான். (நான் நேரு கட்சி இல்லை, பட்டேல் கட்சி என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சமயத்தில் வாய் வரவில்லை :-))

காந்தி 1948 ஜனவரியில் போய்விட்டார். பட்டேல் 1950 டிசம்பரில். மிச்சப் பொறுப்பைத் தூக்கிச் சுமந்தவர் கே.எம். முன்ஷி. அரசியல் சட்டம் எழுதிய வரைவுக் குழுவில் இருந்தவர், அப்போது மத்திய உணவு அமைச்சர். இடிபாட்டை அப்படியே பாதுகாக்க வேண்டும் என்று தொல்லியல் தரப்பு சொன்னது. அதை மீறி 1950 அக்டோபரில் பழைய இடிபாடுகள் அகற்றப்பட்டன. பிரபாசங்கர் சோம்புரா என்ற ஸ்தபதி புதுக் கோயிலை வடிவமைத்தார். 1951 மே 11 லிங்கப் பிரதிஷ்டைக்கு நாள் குறித்து, குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தை அழைத்தார்கள்.

இங்கேதான் நேருவுக்குக் கோபம் வந்தது. முன்ஷியிடம் ஏற்கெனவே, இது இந்து மறுமலர்ச்சி வாதம், எனக்குப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லியிருந்தார். மார்ச் 2ஆம் தேதி ராஜேந்திர பிரசாத்துக்கு எழுதினார். நீங்கள் ஒரு கோயிலுக்குப் போவதில் தவறே இல்லை, ஆனால் இவ்வளவு ஆடம்பரமான, பல அர்த்தங்கள் கற்பிக்கப்படக்கூடிய விழாவில் பங்கேற்பது எனக்குச் சரியாகப் படவில்லை என்று. ராஜேந்திர பிரசாத் விடவில்லை. மசூதிக்கோ சர்ச்சுக்கோ கூப்பிட்டாலும் இதேபோல் போவேன், இதில் என்ன தப்பு என்பது அவர் பதில்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறதா இல்லையா? எனக்கு இன்றைக்கும் ஒரு பக்கம் சாய முடியவில்லை. நேருவின் நாற்காலியில் இருந்து பாருங்கள். பிரிவினையின் ரத்தம் காயவில்லை. பக்கத்து நாடு இதை வைத்துப் பிரசாரம் செய்கிறது. சீனாவில் இருந்த நம் தூதர் பணிக்கருக்கு, அங்கத்திய நதிகளின் தண்ணீர் விழாவுக்கு வேண்டும் என்று கடிதம் போக, அவர் சங்கடப்பட்டு நேருவிடம் சொன்னார். ஜாம் சாகேப் அப்போது சௌராஷ்டிர மாநிலத்தின் ராஜப்பிரமுகர். அந்த மாநில அரசு விழாவுக்கு 5 லட்சம் ரூபாய் ஒதுக்கியதும் நேருவின் காதுக்கு வந்தது. அந்த மாநிலத்தின் தலைநகர் எது தெரியுமா? நான் உட்கார்ந்து இதை எழுதும் இதே ராஜ்கோட்தான்!

ஆக, 1947ல் காந்தியும் பட்டேலும் போட்ட கோடு நாலே வருஷத்தில் அழிந்துவிட்டது. அறக்கட்டளை ஒரு பக்கம் இருக்க, கஜானாவும் திறந்தது. மே 2ஆம் தேதி முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் நேரு தெளிவாகச் சொன்னார்: இது அரசு விழா இல்லை, இந்திய அரசுக்கு இதில் சம்பந்தம் இல்லை. வானொலியிலும் இதை அரசு விழா போலக் காட்டக் கூடாது என்று அறிவுறுத்தினார்.

முன்ஷி பக்கமும் பாருங்கள். 1922ல் இந்த இடிபாட்டைப் பார்த்து மனம் நொந்தவர் அவர். நேருவுக்கு ஏப்ரல் 24 அன்று நீளமாக ஒரு கடிதம் எழுதினார். நம் பழமையின் மேல் எனக்குள்ள நம்பிக்கைதான் இன்றைக்கு உழைக்கும் தெம்பைத் தருகிறது, அதைப் பிடுங்கிக்கொள்ளும் சுதந்திரத்தை என்னால் மதிக்க முடியாது என்ற பொருளில். பிரதமருக்கு அவர் அமைச்சரவையில் இருப்பவரே எழுதிய கடிதம் இது!

கடைசியில் ராஜேந்திர பிரசாத் போனார், பிரதிஷ்டை நடந்தது. அழிக்கும் சக்தியைவிட ஆக்கும் சக்தியே பெரிது என்று பேசினார். எல்லா மதங்களையும் மதிக்கிறேன், தர்காவுக்கும் சர்ச்சுக்கும் குருத்வாராவுக்கும் போகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னார். நேரு போகவில்லை. அவரைத் தடுக்கவும் இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ராஜேந்திர பிரசாத் 1962 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். முன்ஷி 1952ல் உத்தரப் பிரதேச ஆளுநர் ஆனார். ஒருவரை ஒருவர் துரோகி என்று சொல்லிக்கொள்ளவில்லை. இன்றைக்கு அயோத்தி முதல் தெருமுனை வரை எந்தக் கட்டட விவகாரம் வந்தாலும் இந்தப் பெயர்களை ஆளுக்கொன்றாக உருவி வீசுகிறோம். அவர்கள் எழுதிய கடிதங்களின் பண்பை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை.

தலைவர்கள் பேச்சால் கோமாளித்தனமும் நடந்திருக்கிறது. 1842ல் எல்லன்பரோ பிரபு என்ற கவர்னர் ஜெனரல், கஜினி முகமது கல்லறையில் இருந்த கதவுகளைப் பெயர்த்துக் கொண்டுவரச் செய்து, சோமநாத் கதவுகள் திரும்பிவிட்டன, எண்ணூறு வருஷ அவமானம் தீர்ந்தது என்று பிரகடனம் செய்தார். மறு வருஷம் லண்டன் நாடாளுமன்றத்தில் மெக்காலே இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். சந்தனக் கதவு என்றார்கள். பார்த்தால் தேவதாரு மரம். சோமநாத்தின் கதவே இல்லை. இன்றும் ஆக்ரா கோட்டையில் கிடக்கிறது.

இன்னொரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். கஜினி வந்தது 1026. அதற்குச் சுமார் 240 வருஷம் கழித்து, 1264ல், ஹோர்முஸைச் சேர்ந்த நூருத்தீன் பிரோஸ் என்ற கப்பல் வியாபாரி இதே சோமநாத் ஊரில் மசூதி கட்டினார். உள்ளூர்ப் பெரியவர்கள் துணையோடு நிலம் வாங்கினார். பாசுபத மடத்துத் தலைவர் திரிபுராந்தகரின் பெயரும் அதில் வருகிறது. சமஸ்கிருதத்திலும் அரபியிலும் கல்வெட்டு. விளக்கெண்ணெய்ச் செலவு முதல் யார் நிர்வகிப்பது, செலவு போக மிச்சம் எங்கே போக வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் எண்ணெய்ச் செக்கும் கடைகளும் மானியம். எனக்கு அது கல்வெட்டாகவே தெரியவில்லை, ஒழுங்கான டிரஸ்ட் பத்திரமாகத்தான் தெரிந்தது. இடித்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அதே ஊரில் சண்டை இல்லாமல் கட்டிய கதையை என் மகளின் பாடப் புத்தகத்தில் காணோம்.

எங்கள் காலனி விஷயம்? மறு ஞாயிறு கூட்டத்தில் 51,000 ரூபாய்க் கதையை என் அரைகுறை இந்தியில் சொன்னேன். காந்தியும் பட்டேலும் இந்த மண்ணின் பிள்ளைகள் ஆயிற்றே, யாரும் மறுத்துப் பேசவில்லை. கோயிலுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கியாகிவிட்டது. இதுவரை ஒரு லட்சத்து அறுபதாயிரம்தான் சேர்ந்திருக்கிறது. மண்டபத்தை விட்டுவிட்டு மேடையும் கூரையும் மட்டும் போடப் போகிறோம். செயலாளர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. "சின்னப் பிள்ளையாரா இருந்தா என்னப்பா, நம்ம பிள்ளையார்தானே" என்கிறாள் மகள்.

உங்கள் காலனியில் இப்படி ஏதாவது நடந்திருந்தால், பணம் எந்தக் கணக்கில் இருந்து போயிற்று என்று சொல்லுங்களேன். எனக்கு உபயோகமாக இருக்கும். லிஃப்ட் ரிப்பேர் கொட்டேஷன் வேறு வந்திருக்கிறது.