டி.என்.பி.எஸ்.சி குரூப் 4: வீட்டுத் தமிழ் போதுமா? பிழை திருத்தக் கேள்விகளுக்குத் தயாராவது எப்படி?

பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் போன்ற பழைய கன்டோன்மென்ட் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டில் தமிழ்; பள்ளியில் பலருக்கு ஆங்கிலமும் கன்னடமும்தான். இப்படி வளர்ந்தவர் தமிழ்நாடு அரசு வேலைக்கு விண்ணப்பித்தால், முதலில் தாண்ட வேண்டியது தமிழ்ப் பகுதியைத்தான். (வெளிமாநிலத்தவருக்கு இடஒதுக்கீடு கிடையாது, பொதுப் பிரிவில்தான் போட்டியிட முடியும்.)

எவ்வளவு முக்கியம்?

2021 டிசம்பரில் வந்த அரசாணை தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கியது. குரூப் 4-ல் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்விகள், அதாவது 150 மதிப்பெண், தமிழுக்கு. இதில் 40%, அதாவது 60 மதிப்பெண் எடுக்கலைன்னா, மீதி 100 கேள்விகளின் விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். எடுத்தால், அந்த மதிப்பெண் தரவரிசைக்கும் சேரும். 2025 தேர்வுக்கான பாடத்திட்டப்படி இலக்கணத்துக்கு மட்டும் 25 கேள்விகள், 37.5 மதிப்பெண்.

எங்கே சறுக்கும்?

பேச்சில் பழகிய பிழை காதுக்குச் சரியாகத்தான் கேட்கும். அதனால் காதை நம்பாமல், ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த ஐந்து இடங்களில் சோதியுங்கள்:

- சந்தி: 'அந்த பையன்' தவறு, 'அந்தப் பையன்' சரி. ஆனால் 'வந்த பையன்' என்பதில் ஒற்று மிகாது, ஏன்னா 'வந்த' பெயரெச்சம்.
- ஒருமை, பன்மை: 'முடிவுகள் வெளியானது' தவறு; 'முடிவுகள் வெளியாயின' சரி.
- அன்று, அல்ல: 'இது என் புத்தகம் அன்று', 'இவை என் புத்தகங்கள் அல்ல'. ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல.
- மரபு: குயில் கத்தாது, கூவும். மயில் அகவும், யானை பிளிறும்.
- வழுவுச் சொல்: 'சுவற்றில்' இல்லை, 'சுவரில்'. 'பதட்டம்' இல்லை, 'பதற்றம்'.

எதைப் படிக்கலாம்?

தமிழ்த் தாளின் தரம் பத்தாம் வகுப்பு அளவுதான். தமிழ்நாடு அரசின் 6 முதல் 10-ம் வகுப்பு வரையான தமிழ்ப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வோர் இயலிலும் இலக்கணப் பகுதியையும் மொழிப் பயிற்சியையும் முதலில் முடியுங்கள். பிறகு தேர்வாணைய இணையதளத்தில் உள்ள பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போடுங்கள். தவறும் விடைகளை மேலே சொன்ன ஐந்து வகையில் பிரித்து எழுதினால், எந்த விதி உங்களுக்கு இன்னும் பிடிபடலைன்னு தெரிந்துவிடும். அடுத்த வாரம் அந்த விதியை மட்டும் எடுத்துப் படியுங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் சந்தேகம் இருந்தாலும், பொருந்தாத விடைகளைக் கழித்துவிட்டு மீதியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.