இரண்டு ஓடமும் ஒரு வலையும்

கோடைக்காலத்தில் பிரேசர் ஆற்றை நாடித் திரும்பும் சால்மன் மீன்கள், வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் வான் தீவுகளினூடே செல்லும். அவ்வழியை லம்மி முதலிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். மரம் குடைந்த ஓடங்கள் இரண்டை நங்கூரமிட்டு நிறுத்தி, நடுவே வலையைத் தாழ விடுவர். அதன் முன்னே கயிறுகளில் புல்லைச் செருகி, கடலடித் தரையே மேலேறி வருவதுபோல் அமைப்பர். மீன்கள் அதைத் தரையென்று மயங்கி மேலெழும். ஓடத்தில் நிற்கும் காவலன் குரல் கொடுத்ததும் வலையைத் தூக்குவர். கரைவலை இழுப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது விந்தையே. வலை காத்திருக்க, மீனன்றோ தேடி வருகிறது!

1855-இல் பாயின்ட் எலியட் உடன்படிக்கையால் இம்மக்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தனர். வழக்கமான இடங்களில் பிறரோடு சேர்ந்து மீன் பிடிக்கும் உரிமையை விடவில்லை. பின்னர், மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளின் பெரும் பொறிகள் அவ்விடங்களை மறித்தன. மீன் பிடித்ததற்காகப் பழங்குடியினர் கைதானதும் உண்டு. "சேர்ந்து" என்பதற்குப் பொருள் என்ன? பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை அவர்களுக்கு உரியது என்று 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். ஒரு சொல்லுக்குப் பொருள் காண 119 ஆண்டுகள்! 1979-இல் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செய்தது.